பெட்டிப் படங்களும் பழைய காகிதங்களும்: சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய படங்களைக் கெடுப்பதில் கறையானுக்கும் மாரி மழைக்கும் அடுத்தபடியாக நிற்பவர்கள், அவற்றை ஆசையோடு வாங்குகிறவர்கள்தான். வாங்கிய அன்றே துடைக்கிறார்கள், கழற்றிப் பார்க்கிறார்கள், நல்லதாகத் தெரிவதை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடுகிறார்கள். நூற்றைம்பது வருடம் தப்பிப் பிழைத்த சாமான் ஒரு பின்னேரத்தில் போய்விடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இப்படிச் சேர்ப்பவர்கள் இரண்டு வகை. வீட்டு றங்குப்பெட்டியிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கிற குடும்பப் படங்கள், கடிதங்கள், கல்வெட்டுகள் எனப்படும் நினைவுப் புத்தகங்களைச் சேர்ப்பவர்கள் ஒரு வகை. லண்டன், ரொறன்ரோ உறவினர் மூலம் ஈபேயில் ஏலம் எடுத்து 19ஆம் நூற்றாண்டுப் பெட்டிப் படங்களை வரவழைப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பகுதியினரும் விடுகிற பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: படத்தை அதோடு கூட வந்தவற்றிலிருந்து பிரித்துவிடுகிறார்கள்.

பெட்டிப் படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும், கீல் வைத்த சின்னப் பெட்டி அது. மரத்தின்மேல் மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அல்லது அரக்கையும் மரத்தூளையும் கலந்து சூட்டில் அச்சிட்ட ‘யூனியன் கேஸ்’ ஆக இருக்கும். திறந்தால் ஒரு பக்கம் வெல்வெட் மெத்தை, மறுபக்கம் பித்தளைச் சட்டத்துக்குள் ஒரு முகம். அந்த முகம் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் இருந்தால் டாகெரோடைப். 1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முறை. கண்ணாடியில் இருந்தால் அம்புரோடைப். 1850களின் நடுப்பகுதியில் பரவியது. கறுப்பு மெருகு பூசிய இரும்புத் தகட்டில் இருந்தால் டின்டைப். 1856இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது.

துடைக்காதீர்கள்

டாகெரோடைப்பில் படம் தகட்டுக்குள் ஊறியிருப்பதில்லை. பாதரச ஆவி பட்டு உண்டான மிக நுண்ணிய துணுக்குகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். பொன் உப்புக் கரைசல் ஊற்றிச் சூடாக்கி அதைச் சற்றே உறுதிப்படுத்துவார்கள். ஆனாலும் பஞ்சோ பட்டுத்துணியோ ஒருமுறை இழுபட்டால் மூக்கும் வாயும் போய், வெறும் பளபளப்புத்தான் மிஞ்சும். திரும்ப வராது.

எங்கள் ஊரில் பிரச்சினை பெரும்பாலும் பித்தளையில் தொடங்குகிறது. கறுத்துப்போன சட்டத்தைக் கண்டால் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் பழப்புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் மினுக்க வேண்டும் என்று கை துடிக்கும். அதற்காகச் சட்டத்தைக் கழற்றுவார்கள். தகடு, சட்டம், மேல்கண்ணாடி மூன்றையும் சேர்த்து நான்கு விளிம்பிலும் ஒரு காகித நாடா ஒட்டியிருக்கும், அது கிழியும். அந்த நாடாதான் இத்தனை வருடமும் காற்றையும் தூசியையும் தடுத்து நின்றது. அதைவிட, படத்தை எடுத்த கையே அதை மூடியது என்பதற்கான சாட்சியும் அதுதான். பழைய நாடா அப்படியே இருக்கிற படத்துக்குச் சேர்ப்பவர்களிடையே தனி மதிப்பு. செலோரேப் போட்டுத் திரும்ப ஒட்டுவதால் அது மீளாது. செலோரேப்பின் பசை பிறகு உருகி உள்ளே இறங்குவதுதான் மிச்சம்.

விளிம்பைச் சுற்றி நீலமும் மண்ணிறமுமாக ஒரு வளையம் இருந்தால் அது வெள்ளி கறுத்தது. விட்டுவிடுங்கள். கடந்த நூற்றாண்டில் மேலைநாட்டு நூதனசாலைகளிலேயே தையோயூரியா கரைசலில் முக்கி இந்தக் கறையை எடுத்தார்கள். சில காலம் கழித்து அந்தத் தகடுகளில் புதிய கறைகள் கிளம்பின. தேர்ந்தவர்கள் கைவிட்ட வேலையை நாங்கள் பிராசோ வைத்துச் செய்யத் தேவையில்லை.

உண்மையில் தலையிட வேண்டிய நிலை ஒன்று உண்டு. பழைய மேல்கண்ணாடி சிலவேளை தானே சிதைந்து, உட்பக்கம் சிறு துளிகளாகக் கசியத் தொடங்கும். படத்தில் பூஞ்சணம்போலத் தெரிவது கனதரம் இந்தக் கண்ணாடிதான். அப்போது மேல்கண்ணாடியை மாற்ற வேண்டும். பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள், ஒவ்வொரு படியையும் போனில் படமெடுக்கச் சொல்லுங்கள், கழற்றிய கண்ணாடி, நாடாத் துண்டு, பெட்டிக்குள் கிடந்த காகிதம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுத் திருப்பி வாங்குங்கள். ஸ்பிரிட் எதிலும் படக்கூடாது: அம்புரோடைப்பிலும் டின்டைப்பிலும் படத்தைத் தாங்குகிற கொலோடியன் படலம் அதில் கரையும், யூனியன் கேஸின் அரக்கும் இளகும்.

எதை வாங்குகிறோம் என்று பாராமல் வாங்குவது

மூன்றையும் பிரித்தறிய படத்தைப் பெட்டியிலிருந்து கழற்றவே தேவையில்லை. கையில் பிடித்துச் சரித்துப் பாருங்கள். முகம் மறைந்து உங்கள் முகம் தெரிந்தால், கறுப்பு வெள்ளையாகப் புரண்டால், அது டாகெரோடைப். புரளவில்லையா? குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சின்னக் காந்தத்தை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோனால் இரும்பு இழுக்கும், அது டின்டைப். பலமான காந்தம் வேண்டாம், பாய்ந்து அடித்துக் கீறிவிடும். இரண்டும் இல்லையென்றால் கண்ணாடி. உருப்பெருக்கியால் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் புத்தகத்திலிருந்து வெட்டிய அச்சுப் படத்தைப் பழைய பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்; பெட்டியின் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அம்புரோடைப்பில் கனபேர் ஏமாறுவது வேறு இடத்தில். அது மெல்லிய நெகட்டிவ். பின்னால் கறுப்பு இருந்தால்தான் படமாகத் தெரியும். பின்பக்கம் பூசிய கறுப்பு மெருகு வெடித்து உதிர்ந்தால் கன்னத்தில் ஓட்டை விழுந்ததுபோல, கண் குழிந்ததுபோலத் தோன்றும். விற்பவரும் பழுதென்று விலையைக் குறைப்பார். ஆனால் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தவுடன் கன்னம் நிறைந்து, சட்டைக் கழுத்தின் மடிப்புவரை திரும்ப வந்துவிடும். அதைச் செய்யாமல், மிச்ச மெருகையும் சுரண்டிவிட்டு இனாமல் பெயின்ற் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சில படங்களில் மெருகு பூசியிருப்பது படலத்தின் மேலேயே. சுரண்டினால் ஆள் போச்சு.

இடவலம் மாறித் தெரிவதையும் சொல்ல வேண்டும். டாகெரோடைப்பும் டின்டைப்பும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறியே விழும். கோட்டுப் பொத்தான் மறுபக்கம் பூட்டியிருக்கிறது, பேனா இடக்கையில் இருக்கிறது என்று வைத்துக் கதை கட்ட வேண்டாம்.

பெட்டியும் படமும் பிறப்பிலேயே சோடியா என்பதையும் பாருங்கள். உடைந்த பெட்டியின் படத்தை நல்ல பெட்டிக்கு மாற்றி விற்பது ஏலங்களில் சாதாரணம். தகட்டைச் சுற்றி மடித்த மெல்லிய பித்தளை விளிம்பு 1840களின் பிற்பகுதியில்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆகவே அது இல்லாத படம் குறையுள்ளது என்றில்லை, முந்தியதாகவும் இருக்கலாம். அலங்காரம் மிகுந்த சட்டத்துக்குள் மிக முந்திய உடுப்போடு ஒருவர் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

விலையை ஏற்றுகிற இரண்டு கதைகள் உண்டு. முதலாவது, ‘இறந்தவரின் படம்’. தூங்குகிற குழந்தை, விறைத்து நிற்கிற பெரியவர் எல்லோரையும் பிணம் என்று விற்கிறார்கள். காலுக்குப் பின்னால் தெரிகிற இரும்புத் தாங்கியை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்தத் தாங்கி, உயிரோடு இருப்பவர் தலையை ஆட்டாமல் இருக்க வைத்தது. பிணத்தை நிமிர்த்திப் பிடிக்க அதற்குப் பலம் கிடையாது. இறந்த பிறகு எடுத்த படங்கள் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் படுக்கையில், மடியில் கிடத்தி எடுத்தவை. பிரேதத்தைச் சுற்றிக் குடும்பமே நின்று படமெடுத்துப் பழகிய எங்களுக்கு இதைப் பார்த்தாலே தெரிய வேண்டும்.

இரண்டாவது கதை எங்கள் பலவீனத்தைக் குறிவைக்கிறது: ‘சிலோன் மிசனரி’. அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816. வட்டுக்கோட்டைச் செமினறி 1823இல், உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல் தொடங்கின. அந்த மிசனின் மருத்துவர் கிறீன் 1847இல் வந்தார். பெட்டிப் படங்களின் காலமும் இந்த மிசனரிமாரின் காலமும் ஒன்றோடொன்று பொருந்துவதால், வெள்ளைக் கழுத்துப்பட்டி போட்ட எவரையும் வட்டுக்கோட்டையில் கொண்டுவந்து நிறுத்துவது சுலபம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பெயர் எங்கே எழுதியிருக்கிறது? தகட்டுக்குப் பின்னால் பழைய மையில் எழுதிய துண்டு என்றால் பேசலாம். பெட்டிக்கு வெளியே ஒட்டிய புது ஸ்ரிக்கர் என்றால் கடந்து போங்கள். இதே கூத்து உள்ளூரிலும் உண்டு. உருத்திராக்கம் போட்ட பெரியவர் எவரும் நாவலராகிவிடுகிறார்.

எங்கள் வீட்டுக் காகிதங்கள்

பெட்டிப் படங்கள் இங்கே அரிது. யாழ்ப்பாணத்தில் நிறையக் கிடைப்பவை மட்டையில் ஒட்டிய ஸ்ரூடியோப் படங்கள். அதிலும் மலாயாவில் ரயில்வேயிலும் அரசாங்கக் கச்சேரிகளிலும் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு அனுப்பியவை ஏராளம். ஆகவே புங்குடுதீவு வீட்டில் கிடைத்த படம் புங்குடுதீவில் பிடித்தது என்று எழுதிவிடாதீர்கள். மட்டையின் அடியில் மை இல்லாமல் அழுத்திய முத்திரை இருக்கும். ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ச் சரிவாக வெளிச்சம் விழப் பிடித்தால் ஈப்போ, தைப்பிங், செரம்பான் என்று எழுத்துகள் எழும்பும். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று கனபேர் வெட்டி எறிவது சரியாக அந்த அங்குலத்தைத்தான்.

அடுத்தது கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தை யாரும் சேகரிப்புப் பொருளாக எண்ணுவதில்லை. படமுள்ள பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பெயர் தெரியாத பத்து ஸ்ரூடியோப் படங்களைவிட ஒரு முழுக் கல்வெட்டு பெறுமதி. அதில் பிறந்த ஊர், புகுந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், யார் எங்கே வேலை என்பது எல்லாம் வம்சாவளியோடு இருக்கும். பெயரில்லாத குடும்பப் படத்தில் நடுவில் இருக்கிற ஆச்சி யார் என்று கண்டுபிடிக்க அதைப்போல உதவுவது வேறில்லை. பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிய பிறந்த நேரக் குறிப்பும் அப்படித்தான். பஞ்சாங்கம் பழசாகிவிட்டதென்று எறிய வேண்டாம்.

லமினேற் செய்வது இங்கே ஒரு வருத்தம். காணி உறுதி, சாதகம், அம்மம்மாவின் கலியாணப் படம், எல்லாம் போகிறது. சூட்டில் உருகிய பிளாஸ்ரிக் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க முயன்றால் காகிதமும் கூடவே வரும். இரவல் கேட்டு வந்தவர் ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று லமினேற் செய்து திருப்பித் தந்தால் நன்றி சொல்லவும் முடியாது, ஏசவும் முடியாது.

சுவரில் மாலை போட்டுத் தொங்கிய படம் மாரியில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். கண்ணாடியோடேயே வைத்து, மேற்பக்கம் மட்டும் துடைத்துப் படமெடுங்கள். ஒட்டிய இடம் எப்போதும் முகமாகத்தான் இருக்கும், ஏனோ.

வைக்கிற இடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகரக் கூரைக்குக் கீழும் நிலத்திலும் வெளிச்சுவரோடு சேர்த்தும் வைக்காதீர்கள். பத்திரிகைத் தாளில் சுற்றினால் தாளின் அமிலம் படத்துக்கு ஏறும். மணக்கிற பிவிசி உறைகள் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்ரர் உறை கிடைத்தால் நல்லது. பூச்சி உருண்டை பூச்சியைக் கலைக்கும், படத்துக்கும் கூடாது. மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுபோல ஒரு மருந்து இல்லை. பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில். போல்பொயின்ற் பேனை மறுபக்கம் தடிப்பாக எழும்பும்.

டாகெரோடைப்பை ஸ்கானரில் கவிழ்த்து வைக்க வேண்டாம். கறுப்புத் துணி ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனை அதன் பின்னால் பிடியுங்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும். தகட்டில் உங்கள் முகத்துக்குப் பதில் துணியின் கறுப்பு விழும்போது படம் முழுதாக எழும்பும்.

கடைசியாக, எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்குவது. 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் வலிகாமமே எழும்பிப் போனபோது கனபேர் அல்பங்களை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, படமும் இல்லை. பழைய இரும்பு யாபாரியிடம் கட்டாகக் கிடக்கிற அல்பம் அப்படி ஒரு வீட்டினதாக இருக்கலாம். எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டு அன்றே எழுதி வையுங்கள். ஒரு கட்டாக வந்ததைக் கட்டாகவே வாங்குங்கள், அழகான நாலை மட்டும் பொறுக்கினால் மிச்சத்தில் இருக்கிற பெயர்கள் போய்விடும். பெயரோ முகவரியோ இருந்தால் அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள். கேட்டால் மூலத்தைக் கொடுத்துவிட்டுப் பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தின் சம்மதம் கிடைத்தால் கல்வெட்டு, சிறுபிரசுரம் போன்றவற்றை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம். கட்டுக்குள் ஓலைச்சுவடியோ பழைய கையெழுத்து ஆவணமோ இருந்தால், கனடாவிலிருந்து வந்திருக்கும் மருமகனின் பெட்டிக்குள் போடுவதற்கு முன் தொல்லியல் திணைக்களத்திடம் ஏற்றுமதி அனுமதி பற்றிக் கேளுங்கள்.