கோளாறு மூடியில் இருந்தது
என் பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர் இரண்டு வாரமாகப் படுத்தி எடுத்தது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். 10, 15 நிமிடம் ஓடியதும் திணறி நின்றுவிடும். சற்று நேரம் ஓரங்கட்டினால் மறுபடி ஓடும். பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன். காசு போனதுதான் மிச்சம்.

ஒருநாள் மேம்பாலத்தின் நடுவே நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. அப்புறம் உதைத்தால், வண்டி கிளம்பிவிட்டது!

மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் கீழே இறங்காது. நான் மெல்லிய கம்பியால் குத்தி, அழுக்கை ஊதி எடுத்தேன். செலவு? ஒரு பைசா இல்லை.