மட்கு உரத்தொட்டியில் சுண்டெலிகள்: நஞ்சின்றி விரட்டிய விதம்

சிங்கப்பூரின் ஈசூனில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்தில், மட்கு உரக் குவியலுக்குள் சுண்டெலிகள் கூடு கட்டியிருந்தன. நஞ்சு வைக்க எனக்கு மனமில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் தள்ளாடித் திரிந்து, தன்னைப் பிடித்துண்ணும் பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த நஞ்சைக் கடத்திவிடும்.

முதலில் அவற்றின் உணவை நிறுத்தினோம். சோறு, ரொட்டி, மீன், எண்ணெய்ப் பண்டம் எதையும் குவியலில் சேர்க்க வேண்டாம் என்று அனைவரிடமும் கேட்டுக்கொண்டோம் (மிஞ்சிய பிரியாணியோடு வந்த ஒரு மாமாவைச் சமாதானப்படுத்தியதுதான் மிகக் கடினமான வேலை). காய்கறித் தோலை நடுவில் புதைத்து, அதைப்போல் இருமடங்கு காய்ந்த இலையால் மூடினோம்.

சுண்டெலி விரும்புவது உலர்ந்த, யாரும் கலைக்காத இடம். ஆகவே, பிழிந்த துணியில் இருக்கும் அளவுக்கு ஈரம் நிற்குமாறு நீர் தெளித்து, வாரந்தோறும் குவியலை அடிவரை புரட்டினோம். எச்சத்தின் தூசி பறக்காதிருக்க முதலில் நனைத்துக்கொண்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்தே இதைச் செய்ய வேண்டும்.

நிலையான தீர்வு கம்பி வலைதான். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே சுண்டெலி நுழைந்துவிடும் என்பதால் கோழிவலை பயன்படாது. அதைவிடச் சிறிய கண்களுள்ள, துத்தநாகம் பூசிய வலையைத் தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் மூடியிலும் பொருத்தினோம். மண்புழுக்கள் வழக்கம்போல் அதனூடே வந்துபோகின்றன, சுண்டெலிகளைக் காணோம்.