'சொன்னார்' என்று எழுதப்போய் சறுக்கும் இடங்கள்: பாயிண்ட் அவுட், மேக் அவுட், லெட் ஆன்

தமிழில் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்ல 'என்று' ஒன்றே போதும். சொன்னார், நினைத்தார், உளறினார், பீற்றிக்கொண்டார் என்று எந்த வினை வந்தாலும் முன்னால் 'என்று' போட்டால் வாக்கியம் நிமிர்ந்து நின்றுவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது 'தட்' என்று பள்ளியில் படிக்கிறோம். அந்தப் பழக்கத்தில் எல்லா வினைக்குப் பின்னாலும் 'தட்' போட்டு எழுதிவிடுகிறோம். 'செட்', 'டோல்ட்' வரைக்கும் பெரிய சேதமில்லை. பாயிண்ட் அவுட், மேக் அவுட், லெட் ஆன், ஃபைண்ட் அவுட், டர்ன் அவுட் போன்ற ஃப்ரேசல் வெர்ப்களில்தான் (வினையோடு 'அவுட்', 'ஆன்' போன்ற சிறுசொல் சேர்ந்து தனிப் பொருள் தருபவை) மாட்டிக்கொள்வோம். அவற்றில் ஒவ்வொன்றும், சொல்லப்பட்டது உண்மையா பொய்யா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அது தெரியாமல் எழுதினால், இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் தலைகீழாகப் போய்விடும்.

உண்மை என்று ஒப்புக்கொள்ளும் வினை, நம்பாத வினை

'பாயிண்ட் அவுட்' என்பதைச் சற்றுக் கனமான 'சொன்னார்' என்று நினைத்துப் பயன்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. 'ஹி பாயிண்டட் அவுட் தட் த பில் வாஸ் ராங்' என்று எழுதினால், பில் தவறு என்று அவர் சொன்னது மட்டும் அல்ல, பில் உண்மையிலேயே தவறுதான் என்று எழுதுகிறவரும் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். நம்முடைய 'சுட்டிக்காட்டினார்' என்பதும் இப்படித்தான். இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது.

இதனால் வரும் நஷ்டம் கடிதத்தில்தான் தெரியும். பணம் கட்டிவிட்டீர்கள், கட்டவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. மறுத்து எழுதும் பதிலை 'யூ பாயிண்டட் அவுட் தட் ஐ ஹேட் நாட் பெய்ட்' என்று ஆரம்பித்தால், கட்டவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த இடத்தில் 'யூ செட்' அல்லது 'யூ ஸ்டேட்டட்' போதும். கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு பேர் எதிரெதிராகப் பேசியிருக்க, ஒருவருக்கு 'பாயிண்டட் அவுட்', இன்னொருவருக்கு 'க்ளெய்ம்ட்' என்று போட்டால் குறிப்பு எழுதியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். இருவருக்கும் 'செட்' போடுவதுதான் நியாயம்.

'மேக் அவுட்' இதற்கு நேர் எதிர். 'ஹி மேட் அவுட் தட் ஹி வாஸ் இல்' என்றால் உடம்பு சரியில்லை என்று அவர் பாசாங்கு செய்தார், அல்லது அப்படி நம்பவைக்கப் பார்த்தார் என்று பொருள். எழுதுகிறவர் நம்பவில்லை. மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் 'அஸ் யூ மேட் அவுட்' என்று வந்தால், 'நீங்கள் கதை விட்டபடி' என்கிற தொனி வந்துவிடும். பேச்சில் நன்றாகப் பொருந்தும் ஒரு வடிவம் உண்டு: 'இட்ஸ் நாட் அஸ் பேட் அஸ் தே மேக் அவுட்'. அவர்கள் சொல்கிற அளவுக்கு மோசமில்லை என்று அர்த்தம்.

இதே 'மேக் அவுட்'டுக்குப் பிடிபடுதல், புரிதல் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. 'ஐ குடன்ட் மேக் அவுட் வாட் ஷி வாஸ் சேயிங்' என்றால் அவள் பேசியது காதில் சரியாக விழவில்லை அல்லது விளங்கவில்லை. இரண்டையும் பிரித்தறிவது சுலபம்: முன்னால் 'கேன்', 'குட்' வந்து, பின்னால் 'வாட்', 'ஹூ', 'வொய்' போன்ற சொல் வந்தால் புரிதல், 'கேன்' இல்லாமல் நேரே 'தட்' வந்தால் பெரும்பாலும் பாசாங்கு. கூடவே 'வித்' சேர்த்துவிடாதீர்கள். அமெரிக்கப் பேச்சில் 'மேக் அவுட் வித்' என்றால் முத்தமும் கொஞ்சலும். அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது.

'லெட் ஆன்' ரகசியத்துக்கான வினை. தெரிந்த ஒன்றை வெளியே காட்டிக்கொள்வது என்று பொருள். ஆனால் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும், அதாவது காட்டிக்கொள்ளாமல் இருப்பதைச் சொல்லத்தான் அதிகம் பயன்படுகிறது. 'டோன்ட் லெட் ஆன் தட் ஐ டோல்ட் யூ': நான்தான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே. 'ஷி நெவர் லெட் ஆன் தட் ஷி நியூ': தனக்குத் தெரியும் என்று அவள் கடைசிவரை மூச்சுவிடவில்லை. 'லெட்' இறந்தகாலத்திலும் 'லெட்'தான், 'லெட்டட்' என்று ஒன்று கிடையாது. வெறும் பெயர்ச்சொல்லையும் இது ஏற்காது. 'லெட் ஆன் த சீக்ரெட்' தவறு. ரகசியத்தைப் போட்டுடைத்தார் என்று சொல்ல வேண்டுமானால் 'கேவ் அவே த சீக்ரெட்'. வாய் தவறி வந்துவிட்டது என்றால் 'லெட் ஸ்லிப் தட்'. சாதாரணமாக ஒரு தகவலைத் தெரிவித்ததற்கு 'லெட் ஆன்' போட்டால், ஏதோ மறைக்க இருந்ததுபோல் ஆகிவிடும்.

'என்னிடம்' எங்கே போகும்?

'என்னிடம் சொன்னார்', 'என்னிடம் சுட்டிக்காட்டினார்' என்று இரண்டுக்கும் நமக்கு ஒரே '-இடம்'. ஆங்கிலத்தில் 'டெல்' போன்ற சில வினைகள்தான் ஆளை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும்: 'டோல்ட் மீ தட்'. இந்த ஃப்ரேசல் வெர்ப்கள் அப்படிப் பிடிப்பதில்லை, நடுவே 'டு' வேண்டும். 'ஹி பாயிண்டட் அவுட் மீ தட்' தவறு. 'ஹி பாயிண்டட் அவுட் டு மீ தட்' சரி. 'டு' இல்லாத 'பாயிண்டட் மீ அவுட்' என்பதற்கும் அர்த்தம் உண்டு, ஆனால் அது கூட்டத்தில் என்னைக் கைகாட்டி அடையாளம் சொன்னார் என்பது. 'லெட் ஆன் டு எனிஒன் தட்', 'ரிப்போர்ட்டட் பேக் டு த கமிட்டி தட்' எல்லாமே இதே அச்சு: வினை, சிறுசொல், 'டு' சேர்ந்த ஆள், கடைசியில் 'தட்'.

செயப்பாட்டு வினையில் இந்தத் தவறு இன்னும் பளிச்சென்று தெரியும். 'ஐ வாஸ் டோல்ட் தட்' சரி என்பதால் 'ஐ வாஸ் பாயிண்டட் அவுட் தட்' என்று எழுதிவிடுகிறார்கள். அது நிற்காது. 'இட் வாஸ் பாயிண்டட் அவுட் டு மீ தட்' என்று 'இட்'டில் ஆரம்பிக்க வேண்டும். 'இட் வாஸ் ஃபவுண்ட் அவுட் தட்' என்பது மட்டும் கரடுமுரடாக ஒலிக்கும். அறிக்கைகளில் 'இட் வாஸ் ஃபவுண்ட் தட்' என்று 'அவுட்'டை விட்டுவிடுவார்கள்.

சொல்வரிசையில் இன்னொன்று. 'இட்', 'திஸ்', 'தெம்' போன்ற குட்டிச் சொற்கள் வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவில் உட்காரும்: 'பாயிண்ட் இட் அவுட்', 'ஃபிகர் இட் அவுட்'. 'பாயிண்ட் அவுட் இட்' கூடாது. 'தட்'டில் தொடங்கும் நீண்ட பகுதி நடுவில் ஒருபோதும் வராது, எப்போதும் கடைசியில்தான். இரண்டையும் சேர்த்து 'பாயிண்டட் இட் அவுட் தட்' என்று எழுதுவதும் தவறு. 'தட்' வந்துவிட்டால் 'இட்'டுக்கு வேலை இல்லை.

கண்டுபிடித்தது எப்படி?

சாவியைக் கண்டுபிடித்தேன், பெல் தொலைபேசியைக் கண்டுபிடித்தார், ஃப்ளெமிங் 1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்தார்: தமிழில் மூன்றும் ஒரே வினை. மூன்றுக்குமே 'ஃபைண்ட் அவுட்' வராது. சாவிக்கு 'ஃபவுண்ட்', தொலைபேசிக்கு 'இன்வென்டட்', பெனிசிலினுக்கு 'டிஸ்கவர்ட்'. 'ஃபைண்ட் அவுட்' ஒரு தகவலுக்கு மட்டும் உரியது. கேட்டோ படித்தோ தற்செயலாகவோ வெளியிலிருந்து தெரியவந்த செய்தி. யோசித்து, கணக்குப் போட்டு, துப்புகளைக் கோத்துத் தானாகத் தெரிந்துகொண்டதற்கு 'ஃபிகர் அவுட்' அல்லது 'வொர்க் அவுட்'. ஒருவன் வேலையை விட்டுவிட்டதை அவன் நண்பர் சொல்லித் தெரிந்தால் 'ஐ ஃபவுண்ட் அவுட் தட்'. காலியான மேசையையும் அணைந்த கணினியையும் பார்த்து ஊகித்திருந்தால் 'ஐ ஃபிகர்ட் அவுட் தட்'.

'ஃபைண்ட் அவுட்', 'ஃபிகர் அவுட்', 'வொர்க் அவுட்' மூன்றுக்கும் பின்னால் கேள்விச்சொல்லும் வரும். அங்கே இரண்டு சறுக்கல். ஒன்று, கேள்வியின் வரிசையை அப்படியே உள்ளே கொண்டுவருவது: 'ஃபைண்ட் அவுட் வேர் டஸ் ஹி லிவ்' தவறு, 'ஃபைண்ட் அவுட் வேர் ஹி லிவ்ஸ்' சரி. மற்றது, 'எங்கே என்று' என்பதைப் பார்த்து 'தட் வேர்' என்று இரட்டை இணைப்புப் போடுவது. கேள்விச்சொல் இருந்தால் அதுவே இணைப்பு, 'தட்' கூடாது. ஆமாவா இல்லையா என்று விசாரிக்கச் சொல்லும்போது 'இஃப்' அல்லது 'வெதர்' போட வேண்டும். 'ஃபைண்ட் அவுட் தட் த ஆபீஸ் இஸ் ஓபன்' என்று ஒருவரை ஏவினால், பதிலையும் நீங்களே சொல்லிவிட்டு விசாரிக்கச் சொல்வதுபோல் இருக்கும்.

யாரும் சொல்லாத 'டர்ன் அவுட்'

இது பேச்சைக் குறிக்கும் வினையே அல்ல. கடைசியில் இப்படித்தான் என்று தெரியவந்தது என்பதைச் சொல்வது. எனவே ஆள் எழுவாயாக நின்று 'தட்' வர முடியாது. 'ஹி டர்ன்ட் அவுட் தட் ஹி வாஸ் எ டாக்டர்' தவறு. 'இட் டர்ன்ட் அவுட் தட் ஹி வாஸ் எ டாக்டர்' அல்லது 'ஹி டர்ன்ட் அவுட் டு பி எ டாக்டர்'. இந்தப் பொருளில் 'இட் வாஸ் டர்ன்ட் அவுட்' என்ற வடிவமும் இல்லை. கொஞ்சம் எதிர்பாராத முடிவுக்குத்தான் இது பொருந்தும். எல்லோருக்கும் முன்பே தெரிந்ததற்கு 'டர்ன்ட் அவுட்' போட்டால் கேட்பவர் விழிப்பார்.

'தட்' ஏற்காதவை

'கம் அப் வித்' (யோசித்து ஒன்றைச் சொல்வது), 'கம் அவுட் வித்' (திடீரென்று ஒன்றைச் சொல்லிவிடுவது), 'ஓன் அப் டு', 'கோ ஆன் அபவுட்' ஆகியவற்றின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்: 'வித்', 'டு', 'அபவுட்'. இவற்றுக்குப் பின் நேரடியாக 'தட்' வாக்கியம் ஒட்டாது. 'ஷி கேம் அப் வித் தட் வி ஷுட் வெயிட்' என்று எழுதாமல் 'கேம் அப் வித் த ஐடியா தட்' என்று நடுவே ஒரு பெயர்ச்சொல் வையுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு 'ஓன்ட் அப் டு பிரேக்கிங் த கிளாஸ்' என்று 'இங்' வடிவம். ஒரே புலம்பலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு 'வென்ட் ஆன் அபவுட் ஹவ்'.

காலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'பாயிண்டட் அவுட்' என்று இறந்தகாலத்தில் தொடங்கினால் பின்வருவதும் ஒரு படி பின்னுக்குப் போகும்: 'இஸ்' 'வாஸ்' ஆகும், 'வில்' 'வுட்' ஆகும். இன்றும் உண்மையாக இருப்பதை நிகழ்காலத்திலேயே விடலாம். நேர்கூற்றோடு 'பாயிண்டட் அவுட்', 'பிளர்ட்டட் அவுட்' (யோசிக்காமல் சட்டென்று சொல்லிவிட்டார்) இரண்டும் வரும். மேற்கோள் குறிக்குள் பேச்சைப் போட்டுவிட்டு 'ஹி பாயிண்டட் அவுட்' என்று முடிக்கலாம். 'மேட் அவுட்', 'லெட் ஆன்', 'ஃபவுண்ட் அவுட்' மூன்றையும் அப்படி மேற்கோளோடு ஒட்ட முடியாது.

'பாயிண்ட் அவுட்' எந்த நடைக்கும் பொருந்தும். 'லெட் ஆன்', 'மேக் அவுட்', 'ஃபிகர் அவுட்' பேச்சு வழக்கு வாடை உள்ளவை. விண்ணப்பத்திலும் அறிக்கையிலும் 'ரிவீல்', 'க்ளெய்ம்', 'டிடர்மின்' என்று மாற்றிக்கொள்வது நல்லது. புதிதாக ஒன்றைச் சந்தித்தால், மொழி பயில்வோருக்கான அகராதியில் பொருளை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். பக்கத்திலேயே சிறிய எழுத்தில் 'எஸ்டிஎச்' என்றிருந்தால் 'சம்திங்', அதாவது பொருள் வரும் இடம். 'எஸ்பி' என்றால் 'சம்பாடி', ஆள் வரும் இடம். அந்த 'எஸ்பி'க்கு முன் 'டு' இருக்கிறதா, வரிசையில் 'தட்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாக்கியத்தைத் தொடங்குங்கள்.