கடைசி இரண்டு பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பத்தொன்பது வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். வருகிற பெரியவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்தார். போன வாரம், என்னிடம் புதிதாகச் சேர்ந்த டாக்டர், ஒரு தாத்தாவின் கீழ்த் தாடையில் மிச்சமிருந்த இரண்டு கோரைப்பல்லையும் எடுக்க மரத்துப்போகும் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஆடுதுங்க. எடுத்துட்டா முழு பல் செட் வெச்சிடலாம்." நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். இந்த வேலையில் புதிய டாக்டர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆடுகிறது என்று பிடுங்குவது

நான் அப்படிச் சொன்ன காலத்தில் வந்தவர் வேலந்தாவளத்துப் பாட்டி. "ரெண்டுதான கண்ணு கெடக்குது, அதையும் புடுங்கிப் போட்டு புதுசா வெச்சுரு" என்றார். பிடுங்கினேன். மேல் செட் அண்ணத்தைக் கவ்விப் பிடித்தது. கீழ் செட்டுக்குப் பிடிமானம் ஏது? நாக்கு அசையும்போதெல்லாம் மிதந்தது. இரண்டு முறை அடியில் அக்ரிலிக் பிளாஸ்டிக் சேர்த்துக் கொடுத்தும், தாடை எலும்பு மேடு கரையக் கரைய மறுபடி தளர்ந்தது. கடைசியில் செட்டை டப்பாவில் வைத்துவிட்டுக் கஞ்சிக்கு மாறிவிட்டார். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பல் இருக்கும்வரைதான் அதைச் சுற்றி எலும்பு நிற்கும். க்ரம், ரூனி என்ற இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்க் கோரைப்பல் வேர்களை விட்டு அவற்றின் மேல் செட் வைத்தவர்களுக்கு ஐந்து வருடத்தில் முன்பக்க எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீட்டர் குறைந்தது. எல்லாவற்றையும் எடுத்தவர்களுக்கு 5.2. வேரைச் சுற்றியுள்ள நார்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதையும் உணர்த்துகிறது. பிடுங்கினால் அதுவும் போச்சு.

சரி, ஆடுகிற பல் தாங்குமா? தக்காளிச் செடிக்கு ஊன்றிய குச்சியைப் பாருங்கள். உயரமாக நின்றால் நுனியில் தொட்டாலே ஆடும். அதையே ஒரு சாண் விட்டு வெட்டினால் அசையாது. பல்லும் அப்படித்தான். ரூட் கேனால் செய்து, ஈறுக்குச் சற்று மேலே குட்டையாக வெட்டி, மேற்புறத்தை வளைவாக்கி அடைத்துவிட்டால் நெம்புகிற உயரம் போய்விடும், ஆட்டமும் குறையும். செட் அதன் மேல் உட்காரும். பாதி வேராவது எலும்புக்குள் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பாருங்கள். சீழோடு எல்லாப் பக்கமும் தொளதொளவென்று ஆடினால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நாள் கூடும், செலவும் கூடும். ஒரே நாளில் முடிக்கச் சொல்லி மகன் அவசரப்படுத்துவார். அவரை உட்கார வைத்துப் பேசுங்கள்.

செட்டைக் கொடுத்ததும் மறந்துவிடுவது

வெட்டிய வேரின் மேல் எனாமல் கிடையாது. செட் மூடியிருக்கும் இடத்தில் எச்சிலும் சரியாகப் போய்ச் சேராது. அதனால் சொத்தை சீக்கிரம் பிடிக்கும், காப்பாற்றிய வேரே போய்விடும். வேரைத் தினமும் மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். செட்டின் உட்பக்கக் குழியில் ஃப்ளோரைடு ஜெல் ஒரு சொட்டு விட்டு மாட்டச் சொல்லுங்கள். பாட்டியிடம் மட்டும் சொல்லி அனுப்பாமல், கூட வந்த மருமகளிடமும் செய்து காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே போன் செய்து கூப்பிடுங்கள்.

வேரை உயரமாக விடுவது

ஈறுக்கு மேல் 2 மில்லிமீட்டர் போதும். கூடினால் அந்த இடத்தில் அக்ரிலிக் மெலிந்து செட் உடையும்.

எலும்புத் தேய்மான மருந்தைக் கேட்காதது

மாத்திரையைச் சொல்வார்கள், வருடத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைச் சொல்ல மாட்டார்கள். இந்த மருந்து எடுப்பவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினால் சிலசமயம் தாடைப் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும். நீங்களே கேளுங்கள்.

செட்டோடு தூங்க விடுவது

கழற்றித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.