ஒரே திராட்சை, இரண்டு ஊர்

வெவ்வேறு பகுதி ஒயின்களை ஒப்பிடும்போது திராட்சை வகையை மாற்றாமல் ஊரை மட்டும் மாற்றுங்கள். மண்ணும் வெயிலும் செய்யும் வேலை அப்போதுதான் தெளிவாகத் தெரியும். சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சை இதற்கு அருமையான தொடக்கம். நியூசிலாந்தின் மார்ல்பரோவில் விளைந்தது என்றால் பெரும்பாலும் பேஷன் பழ வாசம் தூக்கலாக வரும். பிரான்சின் சான்செர் அடக்கமானது, எலுமிச்சையும் ஈரக்கல்லும் கலந்த மாதிரி இருக்கும்.

இரண்டையும் சுமார் 10 டிகிரி செல்சியஸில், ஒரே மாதிரி கோப்பைகளில், லேபிளை மறைத்து ஊற்றச் சொல்லுங்கள். ரொம்பக் குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும். முதலில் முகர்ந்து, தோன்றியதை எழுதிவிடுங்கள். அப்புறம் ஒரு சிறு மிடறு. வாயில் எச்சில் ஊறும் அளவுதான் புளிப்பின் அளவு. அந்த மிடறைத் துப்பிய பிறகு சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்றும் எண்ணுங்கள். என்னைக் கேட்டால், தரத்தைச் சொல்வதில் விலையைவிட இது நம்பகமானது.