ரேடியேட்டர் கீழே சூடு, மேலே சில்

பிரிட்டனில் காம்பி கேஸ் பாய்லர் (தனித் தொட்டி இல்லாமல் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் வெந்நீர் தரும் கருவி) உள்ள வீடு. பில் ஏறியதே தவிர அறை சூடாகவில்லை. ரேடியேட்டரை, அதாவது உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகட்டை, தொட்டால் கீழே சுடுகிறது, மேலே நாலு விரல் அளவுக்குச் சில்லென்று இருக்கிறது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மேலே சூடாகவும் அடியில் நடுப்பகுதி குளிர்ந்தும் இருந்தால் அது கசடு. அதற்குக் காற்றை வெளியேற்றும் இந்த வைத்தியம் பலிக்காது.

ஹீட்டிங்கை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டேன். மேல் ஓரத்துச் சதுரத் திருகில் அதற்கான ரேடியேட்டர் சாவியைப் பொருத்தி, அடியில் பழைய துணியைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்று. உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். திருகை முழுக்கக் கழற்றினால் கறுப்புத் தண்ணீர் கார்ப்பெட்டில்தான். பிறகு பாய்லர் பிரஷர்: மீட்டரில் 1 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) கீழே இறங்கியிருந்தால் 1.2 வரை தண்ணீர் ஏற்றி, நிரப்பும் வால்வை இறுக்கி மூடுங்கள்.

காசு மிஞ்சியது அடுத்த வேலையில். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 75 டிகிரியிலிருந்து 60க்கு இறக்கினேன். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பாய்லர் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகி, அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். அறை சூடாக நேரமெடுக்கும். டைமரை அரை மணி முன்தள்ளினேன். தனி வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இவ்வளவு இறக்கக் கூடாது, லெஜியோனெல்லா கிருமி வளரும்.

குளிர்காற்று நுழையும் கதவிடுக்குகளை ஊதுபத்திப் புகை காட்டிக்கொடுத்தது. அங்கே ரப்பர் பட்டை ஒட்டினேன். சுவரின் காற்றுத் துளைகளை மட்டும் தொடவில்லை, அடைத்தால் பூஞ்சை.