புரூஜில் பழைய ஃபிளெமிஷ் ஓவியங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில், ஃபிளெமிஷ் ஓவியங்களை, அதாவது அந்நாட்டின் ஃபிளாண்டர்ஸ் பகுதி ஓவியங்களைக் காட்ட, குரூனிங்கே அருங்காட்சியகத்துக்கு நண்பர்கள் சிலரை அழைத்துப் போனேன். ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒரு போட்டோ, அப்புறம் அடுத்தது. முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் சுற்றினேன். டிக்கெட், கூட்டம் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், மற்றதைச் சொல்கிறேன்.

எட்டி நின்றே பார்ப்பது

ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி வரைந்தவை இந்த ஓவியங்கள். யான் வான் ஐக் 1436இல் வரைந்த மாதா ஓவியத்தில், வான் டெர் பாலே என்ற பாதிரியாரின் கையில் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. புனித ஜார்ஜின் கேடயத்தில் ஓர் ஆளின் பிம்பம் தெரியும். அது ஓவியரே என்று பலர் கருதுகிறார்கள். காவலர் அனுமதிக்கும் அளவுக்குக் கிட்டே போங்கள்.

கதவுகளின் வெளிப்பக்கத்தை விட்டுவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமை. தேவாலயப் பலிபீடத்தில் வைக்கும், மூன்று பலகை கொண்ட பலிபீட ஓவியங்களில் ஓரப் பலகைகள் இரண்டும் கதவுகள். சாதாரண நாட்களில் மூடியிருக்கும், திருநாட்களில் திறப்பார்கள். அதனால் வெளிப்பக்கத்திலும் ஓவியம் உண்டு. முதல் பயணத்தில், புரூஜில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய புனித ஜான் மருத்துவமனையில், ஓவியர் ஹான்ஸ் மெம்லிங்கின் 1479ஆம் ஆண்டுப் பலிபீடத்தின் முன் அரை மணி நேரம் நின்றேன். பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றவே இல்லை. அன்று இரவு, வாங்கி வந்த புத்தகத்தைப் புரட்டினால், வெளிப்பக்கத்தில் அந்த மருத்துவமனையின் துறவுச் சகோதரர் இருவரும் துறவுச் சகோதரிகள் இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். அவரவர் பாதுகாவல் புனிதர் பின்னால் நிற்கிறார். நோயாளிகளைக் கவனித்த அதே வீட்டு மனிதர்கள்! மறுநாள் காலை எனக்கு விமானம். அவர்களைப் பார்க்க மூன்று வருடம் கழித்து, இன்னொரு விமான டிக்கெட் போட்டுத்தான் வர முடிந்தது. கதவு வைத்த ஓவியம் என்றால் முதலில் பக்கவாட்டில் போய் எட்டிப் பாருங்கள். சுவரோடு ஒட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள். இந்த முறையும் நண்பர்களில் ஒருவர்கூடத் தானாகப் பின்னால் போகவில்லை.

ஓவியத்தைச் சுற்றிய சட்டத்தைக் கவனிக்காதது

யான் வான் ஐக் தன் மனைவி மார்கரேட்டாவை வரைந்த 1439ஆம் ஆண்டுப் படத்தின் சட்டத்தில் எழுதியிருக்கும் வாசகத்தில் அவளே பேசுகிறாள்: என் கணவர் என்னை வரைந்து முடித்தார், எனக்கு வயது 33.

கெண்ட் பலிபீடத்தை அருங்காட்சியகத்தில் தேடுவது

வான் ஐக் சகோதரர்களின் புகழ்பெற்ற அந்தப் பலிபீட ஓவியம் புரூஜில் இல்லை, பக்கத்துக் கெண்ட் நகரின் புனித பாவோ பேராலயத்தில் இருக்கிறது.

ஒரே நாளில் புரூஜும் கெண்ட்டும்

வேண்டாம்.